வெப்பத்துக்கு ஒரு கண்ணாடி

சிரட்டை எரிந்து தணலான பிறகு அடுப்புக்கு முன்னால் குந்தியிருங்கள். முகம் சுடும். சுவரில் மாட்டியிருக்கும் படம் ஒன்றின் கண்ணாடியைக் கழற்றி, தணலுக்கும் முகத்துக்கும் நடுவில் எட்டப் பிடியுங்கள். தணலின் சிவப்பு முன்போலவே தெரிகிறது. ஆனால் முகத்தில் அடித்த சூடு சட்டென்று தணிந்துவிடுகிறது. கண்ணாடியை விலக்கினால் மறுகணமே திரும்பி வருகிறது. கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் கண்ணாடியே சுடத் தொடங்கும். வெளிச்சத்துக்கு வழிவிட்ட கண்ணாடி, சூட்டை மட்டும் மறித்து வைத்துக்கொண்டது எப்படி?

அடுத்த சோதனை இன்னும் வேடிக்கையானது. சந்தையில் மீன் சுற்றித் தரும் மெல்லிய கறுப்புப் பொலித்தீன் பை ஒன்றை, உருகிவிடாத தூரத்தில், அதே இடத்தில் விரித்துப் பிடியுங்கள். தணல் கண்ணுக்குத் தெரியாது. சூட்டில் ஒரு பங்கு மட்டும் பையைத் தாண்டி வந்து முகத்தில் படும். இருட்டில் உடற்சூட்டைப் பார்க்கும் கமராவுக்கு முன்னால் இந்தப் பைக்குள் கையை விட்டால், கை ஏறக்குறைய முழுதாகத் தெரியும். அதே கமராவுக்கு முன்னால் யன்னல் கண்ணாடியைப் பிடித்தால் அது ஒரு சுவர்.

ஆகவே 'கண்ணாடி போலத் தெளிவு' என்று நாம் சொல்வது நம் கண்ணின் தீர்ப்பு மட்டுமே. வேறு நிறத்தில் பார்க்கிறவருக்குக் கண்ணாடி கறுப்பு, கறுப்புப் பை கண்ணாடி.

வேறு நிறம் என்றால் என்ன நிறம்? 1800இல் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை அரியத்தால் ஏழு நிறமாகப் பிரித்து, நிறங்களில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியில்தான் பாதரசம் அதிகம் ஏறியது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தமிழ்நாட்டில் அகச்சிவப்பு என்கிறார்கள். நம் இலங்கைப் பாடநூல்களில் செங்கீழ்க் கதிர் என்று படித்திருப்பீர்கள். எனக்கு இரண்டாவது பிடிக்கும். சிவப்புக்குக் கீழே ஒரு படிக்கட்டு இறங்கிப் போகிறது என்பதை அது சொல்லாமல் சொல்கிறது.

அந்தப் படிக்கட்டை அளக்கும் கோல் மைக்ரோமீற்றர்: ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4இலிருந்து 0.7 மைக்ரோமீற்றர் வரை. தொலைக்காட்சியின் ரிமோட் 0.9 அளவில் கண்சிமிட்டுகிறது. சிரட்டைத் தணல் அதிகமாக வீசுவது 3 மைக்ரோமீற்றரை ஒட்டிய கதிர்களை. 2 மைக்ரோமீற்றரையும் தாண்டி இறங்கியதும் தொடங்கும் பகுதிக்கு 'நடு அகச்சிவப்பு' என்று பெயர். நான் இனி 'நடுச் செங்கீழ்' என்று சுருக்கிக்கொள்கிறேன். இந்தக் கட்டுரை, அந்த நிறத்தில் லேசர் ஒளி வீசும் கண்ணாடி நூல் ஒன்றைப் பற்றியது.

மன்னாரில் 'பைபர்' என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது பேசாலையிலும் தலைமன்னாரிலும் கரையேற்றி வைத்திருக்கும் பைபர் படகு. கண்ணாடி நூலை நெய்து பிசினில் தோய்த்துச் செய்தது. தீவின் தென்கரையில் சுற்றும் முப்பது காற்றாலைகளின் இறக்கைகளும் அதே வகைதான். இரண்டாவது பைபர் இணையம் கொண்டுவருவது. 2006இல் தூத்துக்குடியையும் கல்கிசையையும் இணைத்த கடலடிக் கம்பி மன்னார் வளைகுடாவின் அடியில்தான் கிடக்கிறது. அதனுள் இருப்பது தலைமயிர் பருமனுள்ள சிலிக்காக் கண்ணாடி இழைகள். சிலிக்கா என்பது மணலின் சாரம். நாம் சொல்லப் போகும் இழை மூன்றாவது வகை. அதுவும் கண்ணாடிதான், ஆனால் அதில் சிலிக்கா துளியும் கிடையாது.

ஏன் கூடாது? துறைக்குப் போவோம். சின்ன வள்ளம் ஒன்று, பெரிய றோலர் ஒன்று, இரண்டும் கட்டிக் கிடக்கின்றன. பொடி அலை வந்தால் வள்ளம் துள்ளுகிறது, றோலர் அசையவில்லை. நெடிய அலை வந்தால் றோலர் மெல்லச் சாய்ந்து சாய்ந்து எழுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தத் தாளம். வரும் அலையின் தாளம் அதனோடு பொருந்தினால் படகு அலையின் சக்தியை வாங்கிக்கொள்ளும், அலை மெலியும். பொருந்தாவிட்டால் அலை அடியால் போய்விடும்.

கண்ணாடிக்குள் சிலிக்கன் அணுவும் ஒட்சிசன் அணுவும் இப்படித்தான் கட்டிக் கிடக்கின்றன. ஒட்சிசன் எடை குறைந்தது, கட்டு இறுக்கமானது. ஆகவே துள்ளல் வேகமானது: நொடிக்கு ஏறக்குறைய 33 இலட்சம் கோடி முறை. ஒளியின் மொழியில் அது 9 மைக்ரோமீற்றர். அப்படியானால் 9க்கு வெகு முன்னால் இருக்கும் 3 மைக்ரோமீற்றர் ஒளி ஏன் மாட்டிக்கொள்கிறது? வீணைத் தந்தியை மீட்டினால் அதன் சுரத்தோடு, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு வேகமுள்ள மேற்சுரங்களும் மெல்லக் கேட்கும் அல்லவா? அணுக்கட்டும் அப்படியே. 9ஐ இரண்டால் வகுத்தால் 4.5, மூன்றால் வகுத்தால் 3, நான்கால் வகுத்தால் 2.25. மேலே போகப் போக மேற்சுரம் மெலியும். ஆனால் இழையில் ஒளி பல மீற்றர், பல கிலோமீற்றர் ஓட வேண்டும். மெலிந்த உறிஞ்சலும் அங்கே ஆளைக் கொல்லும். நடைமுறையில் சிலிக்கா இழையின் கதை 2.3 மைக்ரோமீற்றரை ஒட்டி முடிந்துவிடுகிறது. சிறுநீரகக் கல்லைப் பொடியாக்க மருத்துவர்கள் இப்போது பயன்படுத்தும் தூலியம் இழை லேசர் 1.94 மைக்ரோமீற்றரில் வேலை செய்கிறது. சிலிக்கா எல்லைக் கல்லுக்குக் கொஞ்சம் இப்பால் நிற்கும் கருவி அது.

எல்லையைத் தாண்ட என்ன வழி? றோலர்தான் வழி. கனத்த அணுக்களைத் தளர்ந்த கட்டால் கட்ட வேண்டும். தாளம் மெதுவாகும், மேற்சுரங்கள் எல்லாம் கீழே இறங்கிப் போகும், 3 மைக்ரோமீற்றர் ஒளிக்கு வழி திறக்கும்.

கண்ணாடி இல்லாமலே இதை முதலில் செய்து பார்த்தவர்கள் கையில் எடுத்தது உப்பு. மன்னார் உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் அதே சோடியம் குளோரைட்டுதான். பளிங்குக் கட்டியாக இருக்க வேண்டும், அவ்வளவே. சோடியமும் குளோரினும் ஒட்சிசனைவிடக் கனம், கட்டும் தளர்ச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இத்தாலியரான மெலோனி, பாறையுப்புத் தகடு வெப்பக் கதிருக்குக் கண்ணாடிபோல வழிவிடுகிறது என்று காட்டினார். 1859இல் லண்டனில் ஜோன் ரின்டல் ஒரு நீண்ட பித்தளைக் குழாயின் இரண்டு வாயையும் உப்புத் தகட்டால் மூடி, உள்ளே ஒவ்வொரு வாயுவாக நிரப்பி, ஒரு பக்கம் வெப்பத்தையும் மறுபக்கம் நுண்ணிய வெப்ப உணரியையும் வைத்தார். ஒட்சிசனும் நைதரசனும் வெப்பத்தைச் சும்மா போகவிட்டன. நீராவியும் காபனீரொட்சைட்டும் நிலக்கரி வாயுவும் பிடித்து வைத்துக்கொண்டன. புவி ஏன் இரவில் உறைந்து போவதில்லை என்பதற்கு ஆய்வுகூட விடை அந்தக் குழாயில் கிடைத்தது. குழாயின் வாயில் கண்ணாடி வைத்திருந்தால் ஒன்றுமே கிடைத்திராது.

வாயுக்கள் ஏன் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்பது இப்போது உங்களுக்கே தெரியும். அவையும் படகுகள். நீரில் ஐதரசனும் ஒட்சிசனும் 3 மைக்ரோமீற்றரை ஒட்டித் துள்ளும். மெதேனின் காபனும் ஐதரசனும் 3.3இல். காபனீரொட்சைட்டு 4.26இல். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நடுச் செங்கீழில் ஒரு கைரேகை இருக்கிறது. எந்த அலைநீளம் காணாமல் போனது என்று பார்த்தால், எந்த வாயு நடுவில் நின்றது என்று சொல்லிவிடலாம்.

இது மன்னாருக்கு வெறும் ஏட்டறிவு இல்லை. 2011இல் மன்னார்ப் படுகையில், 1,300 மீற்றருக்கும் கூடிய ஆழத்துக் கடலடியில், கெய்ர்ன் லங்கா நிறுவனம் தோண்டிய கிணற்றில் இயற்கை வாயு கிடைத்தது. டொராடோ என்று பெயர் வைத்தார்கள். அடுத்த கிணற்றிலும் கிடைத்தது. அதற்குப் பெயர் பராக்குடா. இரண்டும் மீன் பெயர்கள். பராக்குடாவை நாம் சீலா என்போம். இயற்கை வாயுவில் பெரும்பங்கு மெதேன். நிறமில்லை, மணமில்லை. குழாயில் எங்காவது கசிந்தால் கண்டுபிடிக்க நல்ல வழி, 3.3 மைக்ரோமீற்றர் ஒளியைப் பாய்ச்சி அது மங்குகிறதா என்று பார்ப்பதுதான். தொலைத்தொடர்புக்குச் செய்த மலிவான லேசர்கள் 1.65இல் மெதேனின் மேற்சுரம் ஒன்றைப் பிடிக்கின்றன, 3.3இல் உள்ள அடிச்சுரம் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் வலியது.

ஒளி என்றால் தணலே வீசுகிறதே, லேசர் எதற்கு? கரைவலை இழுக்கிறவர்களைக் கேளுங்கள். நாற்பது பேர் தம் தம் பாட்டுக்கு இழுத்தால் வலை அசையாது. ஒருவர் அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுக்க, எல்லோரும் அதே அடியில் இழுத்தால் வலை கரைக்கு வரும். தணல் தம் பாட்டுக்கு இழுக்கும் கூட்டம். லேசர் அம்பாவுக்கு இழுக்கும் கூட்டம். சக்தி ஏறி நிற்கும் அணுவின் அருகே, அது விடப்போகும் அதே நிற ஒளி ஒன்று கடந்து போனால், அந்த அணுவும் தன் சக்தியை அதே நிறத்தில், அதே திசையில், அதே தாளத்தில் விட்டுவிடும் என்று 1917இல் ஐன்ஸ்டீன் காட்டினார். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 1960இல் மெய்மன் அதை மாணிக்கக் கோலில் செய்து காட்டினார். அடுத்த ஆண்டே எலியஸ் ஸ்னிட்சர் கண்ணாடியில் நியோடிமியம் கலந்து லேசர் எடுத்தார்.

நம் இழை லேசரில் பாடுகிறவர் எர்பியம். கண்ணாடி இழையின் நடு நரம்பில் இந்த அருமண் உலோகத்தைத் துளியளவு கலப்பார்கள். ஒரு சின்ன மின்லேசர் 0.98 மைக்ரோமீற்றர் ஒளியால் எர்பியத்தை மேலே ஏற்றிவிடும். இழையின் இரு முனையிலும் ஆடி. ஒளி நடு நரம்பை விட்டு வெளியேறாமல் முன்னும் பின்னும் ஓடி, ஒவ்வோர் ஓட்டத்திலும் கூட்டம் சேர்த்துக்கொள்ளும். மெல்லிய இழை என்பதால் சூடு இலகுவாக வெளியேறும். ஆடிகளை இழையிலேயே எழுதிவிடலாம் என்பதால் ஒன்றும் இடம் மாறிக் கெடாது.

எர்பியத்திடம் 2.8 மைக்ரோமீற்றரில் ஒளி விடக்கூடிய ஒரு படி இருக்கிறது. ஆனால் அதைச் சிலிக்காவில் வைத்தால் விடாது. கண்ணாடி ஒளியைப் பிறகு உறிஞ்சும் என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய களவு ஒன்று, ஒளி பிறக்கும் முன்பே நடக்கிறது.

எர்பியத்தைத் தலைச்சுமையோடு நிற்கும் ஆளாக எண்ணுங்கள். சுமையைத் 'தொப்' என்று போட்டால் அதுதான் ஒளி. பக்கத்தில் நிற்பவர்கள் கைகொடுத்து மெல்ல இறக்கிவிட்டால் ஒளி இல்லை. சுமை கைமாறிச் சூடாகிப் போய்விடும். பக்கத்தில் நிற்பவர்கள் கண்ணாடியின் துள்ளல்கள். சிலிக்காவின் துள்ளல் வலிமையான ஆள். 2.8 மைக்ரோமீற்றர் சுமையை இறக்க அதில் மூன்று நான்கு பேர் போதும். அத்தனை பேர் ஒரே கணத்தில் கைகொடுப்பது அடிக்கடி நடக்கும். கனத்த அணுவும் தளர்ந்த கட்டும் உள்ள கண்ணாடியில் துள்ளல்கள் சின்னப் பிள்ளைகள். ஆறேழு பேர் ஒரே கணத்தில் சேர்ந்தால்தான் முடியும். அது அபூர்வம். அதற்குள் எர்பியம் சுமையைப் போட்டுவிடும். கண்ணாடி மாறினால் அதே அணு வேறு நிறத்தில் ஒளிர்வது இதனால்தான்.

அந்தக் கண்ணாடி தேடாமல் கிடைத்தது. 1974ஐ ஒட்டி, பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தில் மார்செல் புலேன், மிஷெல் புலேன், ஜாக் லூக்கா ஆகியோர் சிர்க்கோனியம் புளோரைட்டைப் பிற புளோரைட்டுகளோடு உருக்கிப் புதிய பளிங்கு வளர்க்கப் பார்த்தார்கள். வந்தது பளிங்கில்லை, கண்ணாடி. புளோரைட்டில் இப்படி ஒரு கண்ணாடியை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அதைத் தேற்றித் தேற்றி எடுத்த கலவையில் இன்று ஐந்து புளோரைட்டுகள்: நூற்றில் ஐம்பத்து மூன்று பங்கு சிர்க்கோனியம், இருபது பேரியம், நான்கு இலந்தனம், மூன்று அலுமினியம், இருபது சோடியம். இவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து இசட்பிளான் என்கிறார்கள். சிர்க்கோனியமும் புளோரினும் துள்ளும் தாளம் 17 மைக்ரோமீற்றரை ஒட்டியது. முன்பு செய்த வகுத்தலைச் செய்து பாருங்கள்: நான்கால் வகுத்தால் 4.25. இசட்பிளான் இழை ஒளியைக் கொண்டுபோவதும் ஏறக்குறைய அதுவரைதான்.

சிர்க்கோனியம் என்ற பெயரைச் சொன்னதும் நாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். 1789இல் பெர்லினில் மார்டின் கிளாப்ரோத் ஒரு சிர்க்கன் கல்லைப் பொடித்துக் கரைத்துப் பார்த்தபோது, அதுவரை யாரும் அறியாத ஒரு தனிமத்தின் மண் கிடைத்தது. அதுவே சிர்க்கோனியம். அந்தக் கல் போனது இலங்கையிலிருந்து. நிறமற்ற சிர்க்கனை வைரமென்று விற்ற காலம் அது. 'மாத்தறை வைரம்' என்ற பெயர் இன்னும் நகை வணிகத்தில் இருக்கிறது.

மாத்தறைவரை போக வேண்டியதில்லை. மன்னார்க் கரையில் அலை திரும்பிய பின் பாருங்கள். வெளிர் மணலில் கறுப்புக் கோடுகள் படிந்திருக்கும். உள்நாட்டுப் பழம்பாறைகள் தேய்ந்து, அருவி ஆறு போன்ற ஆறுகள் வழியே கடலுக்கு வந்த கனமான மணிகள் அவை. அலை சுளகுபோலப் புடைத்து, இலேசானதை அள்ளிக்கொண்டு கனத்ததை விட்டுப் போகிறது. கறுப்பு பெரும்பாலும் இல்மனைற். அதனோடு றூட்டைல், காணெற், கொஞ்சம் சிர்க்கன். புல்மோட்டையில் இந்த மணலை அரசு நிறுவனம் நெடுங்காலமாக எடுத்து வருகிறது. வளைகுடாவின் மறுகோடிக்கும் அப்பால், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில், இந்திய அரசின் நிறுவனம் எடுக்கிறது. அங்கே கிடைக்கும் மொனசைற்றில் இலந்தனமும் உண்டு.

இதோடு கதை முடிந்தது, மணலை அள்ளினால் லேசர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மணலுக்கும் இழைக்கும் நடுவில் இருப்பது ஒரு பனங்கட்டிப் பாகு.

பாகைக் கரண்டியால் தூக்கினால் நூல் இழுபடும் கம்பிப் பதம் தெரியுமல்லவா? இழை இழுப்பதும் அதுதான். பருத்த கண்ணாடிக் கோல் ஒன்றின் நுனியைச் சூடாக்கினால் அது தொங்கி நூலாக வரும். கீழே உருளையில் சுற்றிக்கொள்வார்கள். சிலிக்காவுக்கு 2,000 பாகை வேண்டும். இசட்பிளானுக்கு 300 பாகை சொச்சம் போதும். சுகமான வேலைபோலத் தெரிகிறது. ஆனால் பாகுக்கு இன்னொரு குணம் உண்டு. சடுதியில் ஆறினால் கண்ணாடிபோல மிட்டாய், ஆறப்போட்டால் பனங்கற்கண்டு. சிலிக்கா சோம்பேறி, எவ்வளவு மெல்ல ஆறினாலும் கண்ணாடியாகவே கிடக்கும். இசட்பிளானுக்குக் கற்கண்டாகிவிட வேண்டும் என்று ஓயாத ஆசை. இழுக்கும் பதத்துக்கும் கற்கண்டாகும் பதத்துக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. இழைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மணி பூத்தாலும் ஒளி அதில் முட்டிச் சிதறும்.

எண்பதுகளில் பெரிய கனவொன்று இருந்தது. இசட்பிளான் இழையில் ஒளி முந்நூறு கிலோமீற்றர் போனாலும் பாதி மிஞ்சும் என்று கணக்குச் சொன்னது. நல்ல சிலிக்கா இழையில் பதினைந்து கிலோமீற்றரிலேயே பாதி போய்விடும். கடலடிக் கம்பிகளெல்லாம் இதற்கு மாறும் என்று தொலைத்தொடர்பு ஆய்வுகூடங்கள் ஓடின. மாறவில்லை. கற்கண்டும் அழுக்கும் விடவில்லை. இரும்பு, செம்பு, ஈரம் ஏதாவது நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே ஒளி மங்கும். அளந்து பார்த்தபோது சில கிலோமீற்றரிலேயே பாதி காணாமல் போயிருந்தது.

எப்படி அளப்பார்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எளிமையும் நேர்மையும் உள்ள முறை அது. இழையின் ஒரு முனையில் ஒளியைச் செலுத்தி மறுமுனையில் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் போதாது; உள்ளே எவ்வளவு நுழைந்தது என்று தெரியாதே. ஆகவே முதலில் முழு நீளத்தின் முனையில் அளப்பார்கள். பிறகு ஒளி நுழையும் முனையைத் தொடாமல், அதற்கு ஓரிரு மீற்றர் தள்ளி இழையை வெட்டி, அங்கே அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், வெட்டிய துண்டு தின்ற ஒளி. அளப்பதற்காக இழையையே பலி கொடுக்க வேண்டும் என்பதுதான் குறை.

புவியீர்ப்பே கற்கண்டைத் தூண்டுகிறது என்று காட்டிய சோதனைகளும் உண்டு. எடையற்ற நிலையில் உருகில் கனத்தது கீழேயும் இலேசானது மேலேயும் புரளாது. மணி பூப்பது குறையும். அதனால் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு இழை இழுக்கும் பெட்டியையே அனுப்பினார்கள். 2024இன் தொடக்கத்தில் ஃப்ளோலெஸ் ஃபோட்டோனிக்ஸ் என்ற நிறுவனத்தின் பெட்டி அங்கே 11 கிலோமீற்றருக்கும் மேல் இசட்பிளான் இழை இழுத்தது. புவியில் இழுத்ததைவிட அது எவ்வளவு தேறியது என்ற கணக்கு, முன்பு சொன்ன வெட்டி அளக்கும் முறையிடம்தான் வர வேண்டும்.

தொலைத்தொடர்பில் தோற்ற இழை லேசரில் வென்றது. காரணம் எளிது: லேசருக்குக் கிலோமீற்றர் வேண்டாம், சில மீற்றர் போதும். 1988இல் பிரிட்டிஷ் ரெலிகொம் ஆய்வுகூடத்தில் பிரயர்லி, பிரான்ஸ் என்ற இருவர் எர்பியம் கலந்த புளோரைட்டு இழையிலிருந்து 2.7 மைக்ரோமீற்றரில் லேசர் எடுத்தார்கள். 2018இல் கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் அதே எர்பியம் 2.8இல் 40 வாற்றைத் தாண்டியது. எண்ணைப் பார்த்து ஒரு மின்குமிழ்தானே என்று எண்ண வேண்டாம். அந்த 40 வாற்றும் தலைமயிரைவிட மெல்லிய நடு நரம்பிலிருந்து ஒரே திசையில் வருகிறது. அதே ஆண்டில் சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில், எர்பியத்துக்குப் பதில் டிஸ்புரோசியத்தைக் கலந்து, 2.8இலிருந்து 3.4 வரை விரும்பிய இடத்தில் நிறுத்தக்கூடிய லேசரைச் செய்தார்கள். மெதேனின் 3.3 அந்த வரம்புக்குள் விழுகிறது.

2.8இன் பயன் நீரில் இருக்கிறது. நீர் இந்த ஒளியைச் சில மைக்ரோமீற்றர் ஆழத்திலேயே குடித்து முடித்துவிடும். உடம்பின் தசையில் பெரும்பங்கு நீர். ஒளி பட்ட இடத்துத் தசை சட்டென்று ஆவியாகும்; அடுத்த அடுக்குக்குச் சூடு போய்ச் சேர நேரமிராது. ஆகவே வெட்டு மெல்லியது, வேக்காடு குறைவு.

இதே நீர்தான் இந்த லேசருக்கு எமனும். இசட்பிளான் ஈரத்தைத் தாங்காது. இழையின் நுனி காற்றில் உள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கும். உள்ளே போன ஈரம் 2.8 மைக்ரோமீற்றர் ஒளியைக் குடித்துச் சூடாகும். சூடானால் இன்னும் ஈரம் இழுக்கும். கடைசியில் நுனி தன் ஒளியாலேயே எரிந்துபோகும். அதற்காக, ஈரத்தைப் பொறுக்கும் வேறு கண்ணாடியில் சின்ன மூடி செய்து நுனியில் ஒட்டுகிறார்கள். வாடைக்காற்றும் உப்புக்காற்றும் அடிக்கும் நம் கரையில் இந்த இழையை மூடியின்றி வைத்தால் என்னாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

4 மைக்ரோமீற்றருக்கும் அப்பால் போக வேண்டுமானால் இசட்பிளானும் போதாது. கந்தகம், செலனியம், தெலூரியம் ஆகியவற்றை ஆர்செனிக் போன்றவற்றோடு உருக்கி இன்னும் கனத்த, இன்னும் தளர்ந்த கண்ணாடிகள் செய்கிறார்கள். அவற்றில் சில நம் கண்ணுக்கு அட்டக்கரி. தொடக்கத்தில் பிடித்த கறுப்புப் பை நினைவிருக்கட்டும். ஆனால் இவற்றுக்குள் எர்பியம் போன்றவை சரியாகக் கரைவதில்லை. ஒளியைக் கொண்டுபோக நல்லவை, ஒளியைப் பெற்றுத்தர இன்னும் முரண்டு பிடிக்கின்றன.

கடைசியாக ஒரு கணக்கு. மன்னார்த் தீவின் கனிம மணலை எடுக்க ஆஸ்திரேலிய நிறுவனமொன்று ஆண்டுக்கணக்காகத் துளையிட்டுப் பார்த்தது. கடல் மட்டத்திலிருந்து சற்றே எழும்பிய தீவு, மணலுக்குள் தேங்கிய மழைநீரே குடிநீர் என்ற அச்சத்தில் மக்கள் எதிர்க்கிறார்கள். 2025இல் வாரக்கணக்கில் வீதியில் நின்றார்கள். இப்படியான விவாதங்களில் 'உயர் தொழில்நுட்பத்துக்கு வேண்டிய கனிமம்' என்ற சொல் அடிக்கடி வந்து விழும். சிர்க்கனைப் பொறுத்தவரை அந்தச் சொல்லை நிறுத்துப் பார்க்கலாம். உலகில் எடுக்கும் சிர்க்கனில் பெரும்பங்கு போவது தரை ஓட்டுக்கும் கழிவறைப் பீங்கானுக்கும் வார்ப்பாலைக்கும். இசட்பிளான் இழையின் குறுக்களவு மில்லிமீற்றரில் எட்டில் ஒரு பங்கு. ஒரு கிலோமீற்றர் நீள இழையின் எடை ஐம்பது கிராம் சொச்சம். அதில் மூன்றில் ஒரு பங்கு சிர்க்கோனியம்; சிர்க்கனிலோ பாதி சிர்க்கோனியம். ஆக, ஒரு கிலோமீற்றர் இழைக்கு, அதாவது நூறு லேசருக்குத் தாராளமாகக் காணும் இழைக்கு, வேண்டிய சிர்க்கன் மணல் நாற்பது கிராமுக்குள்.

மேசைக்கரண்டியால் அள்ளினால் ஒரு கரண்டி.